பால் மறந்த குட்டிக்கு என்ன போடுவது?

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"விடுதி நாட்களைப் பற்றிப் பேசுங்க, கலகலப்பா இருக்கும்" என்று சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றிப் பேச எனக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நானும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன், ஆனால் அது பன்றிக்குட்டியின் சாப்பாடு. கழிச்சல் என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டே காபி குடிக்கக்கூடிய கூட்டம் நம்முடையது என்ற துணிச்சலில் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கி வெளியே போன நாள் முதல் தீவன ஆலைகளிலும் தீவன ஆய்வுக்கூடங்களிலும்தான் என் பிழைப்பு ஓடியது. அதில் அதிகமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "சார், பால் மறந்த குட்டி கழியுது, தீவனத்துல என்ன கலக்கலாம்?" பண்ணையாளர் கேட்பார், விற்பனைப் பிரதிநிதி கேட்பார், நம் கால்நடை மருத்துவ நண்பர்களும் கேட்பார்கள். "தீவனத்துல எதைக் குறைக்கலாம்?" என்று யாரும் கேட்டதில்லை. இன்று நான் சொல்ல வந்தது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். சேர்ப்பான்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் புரதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

தாய்ப்பன்றியின் பாலை நினைத்துப் பாருங்கள். ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நீர் போக மிஞ்சும் திடப்பொருளில் ஏறக்குறைய 30 சதவீதம் புரதம், 35 முதல் 40 சதவீதம் கொழுப்பு, மீதியில் பெரும்பகுதி லாக்டோஸ். குட்டி மணிக்கு ஒரு தரம் போலக் குடிக்கிறது. இரவும் பகலும் சேர்த்து இருபது முறைக்கு மேல். அந்த வயதில் வயிற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குறைவாகத்தான் சுரக்கும். லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிரிகள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

ஒரு நாள் காலையில் நாம் போய் தாயைப் பிரிக்கிறோம். வேறு கொட்டில், வேறு ஈற்றுக் குட்டிகள், ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன, முன்னால் காய்ந்த மாவு. நெதர்லாந்தில் ஒவ்வொரு குட்டியும் எப்போது முதல் வாய் தீவனம் எடுக்கிறது என்று மின்னணுத் தொட்டி வைத்துக் கவனித்திருக்கிறார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் பாதிக் குட்டிகள்தான் சாப்பிட்டன. சுமார் பத்தில் ஒன்று இரண்டு நாள் ஆகியும் வாய் வைக்கவில்லை. சாப்பிடாத குடலில் குடலுறிஞ்சிகள் சுருங்கிவிடும்; ஒரே நாளில் அவற்றின் உயரம் சுமார் கால் பங்கு குறைவதை 1980-களிலேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் பசி தாங்காமல் குட்டி தொட்டியில் விழுந்து தின்கிறது. வயிற்றில் அமிலம் இல்லை, சிறுகுடலில் உறிஞ்சும் பரப்பு இல்லை, தொட்டியில் 24 சதவீதப் புரதம். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கழிச்சல் வருவதில் வியப்பு என்ன?

பாலிலும் 30 சதவீதம் புரதம் இருந்ததே, அப்போது ஏன் கழியவில்லை என்று மாணவர் யாராவது இப்போது கேட்க வேண்டும். பால் புரதம் அந்தக் குட்டிக்காகவே ஆனது. கிட்டத்தட்ட முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். சோயாப் புண்ணாக்கு அப்படியல்ல. அதில் டிரிப்சினைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. ஆலையில் சூடு போதாவிட்டால் அது மிஞ்சும். யூரியேஸ் சோதனையில் மாவு இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்து நாம் எல்லாரும் ரெக்கார்டு நோட்டில் எழுதியிருக்கிறோம், அதற்குத்தான். சூடு சரியாக இருந்தாலும் கிளைசினின், பீட்டா கான்கிளைசினின் என்ற இரண்டு புரதங்கள் சின்னக் குட்டியின் குடலில் ஒவ்வாமையைக் கிளப்பும்.

செரிக்காத புரதம் எங்கே போகும்? பெருங்குடலுக்குப் போகும். அங்கே இருக்கும் நுண்ணுயிரிகளுக்கு அது விருந்து. அமோனியா, புட்ரசின், கடாவரின் போன்ற அமீன்கள், இண்டோல், ஸ்கட்டோல் எல்லாம் உண்டாகும். அமோனியா குடலின் அமிலத்தைக் குறைக்கும், குடல் சுவரை அரிக்கும். ஈ. கோலைக்கு வேண்டியதும் இந்தச் சூழல்தான். எஃப்-4, எஃப்-18 என்ற ஒட்டுமயிர்கள் கொண்ட ஈ. கோலைக் கிருமிகள் சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரக்கின்றன. குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் வெளியே தள்ளுகிறது. ஏழு கிலோ குட்டிக்கு எவ்வளவு தண்ணீர்தான் கையிருப்பு இருக்கும்? சில குட்டிகள் கழிவதற்கு முன்பே கண் குழிவிழுந்து செத்துக் கிடக்கும்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. புரதமும் சுண்ணாம்புக்கல் மாவும் வயிற்றில் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். பெப்சின் வேலை செய்ய நல்ல அமிலம் வேண்டும். இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் தீவனமே குடித்துவிட்டால் புரதம் வயிற்றில் வெட்டுப்படாமல் கீழே இறங்கும். தாது உப்புக் கலவையில் மலிவாக எடை கூட்டுவது சுண்ணாம்புக்கல்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் தெரிந்திருந்தும் நாம் ஏன் 24 சதவீதத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்? பையில் அச்சடித்த எண். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோகான் கெல்டால் என்பவர் 1883-ல் தானியத்தில் இருக்கும் நைட்ரஜனை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். அந்தக் குடுவையோடு மல்லுக்கட்டி, கந்தக அமிலத்தால் சட்டையில் ஓட்டை போட்டுக்கொள்ளாதவர் இங்கே சிலர்தான் இருப்பார்கள். கிடைத்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் கச்சாப் புரதம். அது நைட்ரஜன் கணக்கே தவிர புரதக் கணக்கு அல்ல. யூரியாவும் அதில் புரதம்தான், தோல் தூளும் புரதம்தான். 2007-ல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கோதுமைப் புரதத்தில் மெலமினைக் கலந்து நாய்களும் பூனைகளும் செத்தன. அங்கே ஏமாந்தது இந்தக் கணக்குத்தான். கடலைப் புண்ணாக்கில் புரதம் சோயாவுக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே காட்டும். ஆனால் அந்தப் புரதத்தில் லைசின் சோயாவில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பன்றிக்குட்டி கேட்பது லைசின், திரியோனின், மெத்தியோனின், டிரிப்டோஃபேன். 2012-ல் வெளியான அமெரிக்க என்.ஆர்.சி. அட்டவணையைப் பாருங்கள்: 7 முதல் 11 கிலோ குட்டிக்குச் செரிக்கும் லைசின் 1.35 சதவீதம் என்று போட்டிருக்கிறது. பண்ணையாளர் பையில் தேட வேண்டிய எண் அது. ஆனால் எந்தக் கடைக்காரரும் "இதுல லைசின் எவ்வளவு?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "புரோட்டீன் எவ்ளோ?" என்றுதான் கேட்பார்.

அதிகப் புரதம் போட்டு வந்த கழிச்சலை அடக்க நாம் கலந்த சேர்ப்பான்களின் கதைக்கு வருகிறேன். அதில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அங்கே பெஞ்சமின் டக்கர் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஆரியோமைசின் கிடைத்தது. 1948-ல் அது வெளியுலகுக்கு வந்தது. அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார். அதே ஆய்வுக்கூடத்தில் ஸ்டோக்ஸ்டாடும் ஜூக்ஸும் வேறு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தாவரத் தீவனத்தில் இல்லாத, மாமிசப் புரதத்தில் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு வளர்ச்சிக் காரணி. அதுதான் பி-12 வைட்டமின். ஆரியோமைசின் எடுத்தபின் மிஞ்சிய சக்கையில் அது இருக்குமே என்று கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டார்கள். பி-12 மட்டும் கொடுத்த குஞ்சுகளைவிடச் சக்கை தின்றவை அதிகம் வளர்ந்தன. சக்கையில் மிஞ்சியிருந்த மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1950-க்குப் பிறகு பன்றித் தீவனத்திலும் டன்னுக்கு இத்தனை கிராம் என்று அது ஏறியது. புரதத்துக்குப் பதில் தேடப்போய் ஆன்டிபயாட்டிக் கிடைத்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சுவீடன் 1986-ல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதைத் தடை செய்தது. டென்மார்க் 1995-ல் அவோபார்சினில் தொடங்கி, 1999 முடிவதற்குள் பால் மறந்த குட்டிகளின் தீவனத்திலிருந்தும் வளர்ச்சி ஊக்கி ஆன்டிபயாட்டிக்கை எடுத்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் தடை. எடுத்த இடத்திலெல்லாம் முதலில் அடிபட்டது பால் மறந்த குட்டிதான். வளர்ந்த பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த இடத்தை நிரப்ப வந்தது துத்தநாக ஆக்சைடு. குட்டிக்கு உடல் தேவை தீவனத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம். 1980-களின் இறுதியில் டென்மார்க்கில் 2,500 மில்லிகிராம் போட்டுப் பார்த்தார்கள். கழிச்சல் மடங்கு மடங்காகக் குறைந்தது. மலிவான வெள்ளைப் பொடி. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரிலும் "ஜிங்க் போட்டா நிக்கும் சார்" என்று சொல்லாத ஆள் இல்லை. நிற்கும்தான். ஆனால் போட்டதில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியே வந்து நிலத்தில் தங்கும். துத்தநாகம் கரைந்து ஓடுகிற பொருள் அல்ல; வருடா வருடம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். அத்தோடு, பன்றிப் பண்ணைகளில் காணும் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமிகளில் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெத்திசிலினைத் தாங்கும் மரபணுவும் ஒரே துண்டில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் கண்டார்கள். துத்தநாகம் போட்டு ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமியை வளர்த்துக்கொண்டிருந்தோம். ஐரோப்பிய ஆணையம் 2017-ல் முடிவெடுத்து, ஐந்து வருட அவகாசம் கொடுத்து, 2022 ஜூன் 26-ஓடு மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடுக்கு அனுமதியை முடித்தது. குட்டித் தீவனத்தில் மொத்தத் துத்தநாகம் இப்போது அங்கே கிலோவுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

இன்னொரு பக்கம் கொலிஸ்டின். மனிதனுக்கு எல்லா மருந்தும் கைவிட்டபின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. அதைத்தான் நாம் குட்டித் தீவனத்திலும் கோழித் தீவனத்திலும் கிலோ கணக்கில் கொட்டினோம். 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பன்றிகளில் கண்ட ஈ. கோலையில் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். கொலிஸ்டினுக்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகும் மரபணு. இந்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழிகள், தீவனச் சேர்ப்பான்கள் எல்லாவற்றிலும் கொலிஸ்டினைத் தடை செய்தது. தாமதம் என்பேன், ஆனால் சரியான முடிவு.

அந்தத் தடை வந்த சில மாதங்களில் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பண்ணையாளர் என்னைத் தேடி வந்தார். நாற்பது தாய்ப்பன்றி, வெள்ளை யார்க்ஷயர் கலப்பு. முன்பெல்லாம் அவரும் ஓட்டல் மிச்சம் எடுத்துக் காய்ச்சிப் போட்டவர்தான். குட்டிகளுக்கு மட்டும் ஒரு கம்பெனியின் பிரிஸ்டார்ட்டர் தீவனம். "சார், 24 பர்சன்ட் புரோட்டீன், அதுல மருந்தும் இருந்துச்சு. இப்ப மருந்து இல்லாம வருது. போன மாசம் மட்டும் நாலு ஈத்து கழிஞ்சிடுச்சு. கம்பெனிக்காரங்க ஜிங்க் கலந்துக்கச் சொல்றாங்க. உங்களைக் கேட்டுட்டுக் கலக்கலாம்னு வந்தேன்" என்றார். முன்பு அவர் 8 வாரத்தில் பால் மறக்கடித்துக்கொண்டிருந்தார், பிறகு 6 வாரம், இப்போது 4 வாரம். தாய் சீக்கிரம் சினைக்கு வரும், வருடத்துக்கு ஈற்று கூடும் என்ற கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் 8 வாரக் குட்டி தின்று செரிக்கும் தீவனத்தை 4 வாரக் குட்டி செரிக்காது.

நான் அவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. 100 கிலோ தீவனத்தில் 10 கிலோ சோயாப் புண்ணாக்கை எடுத்துவிட்டு 10 கிலோ அரிசிக் குருணை போடுங்கள். சோயாவில் புரதம் 46, குருணையில் 8. தீவனத்தின் புரதம் கிட்டத்தட்ட 4 புள்ளி இறங்கும். போன லைசின் எவ்வளவு? சோயாவில் 2.8 சதவீதம், குருணையில் 0.3. ஆக 250 கிராம் லைசின் குறையும். கடையில் கிடைக்கும் லைசின் ஹைட்ரோகுளோரைடில் 78 சதவீதத்துக்குமேல் லைசின். 320 கிராம் போட்டால் ஈடு கட்டிவிடும். 24-லிருந்து 18-க்கு இறங்க 16 கிலோ சோயாவை மாற்ற வேண்டும், லைசின் அரைக் கிலோ வேண்டும். திரியோனின் கால் கிலோ அளவில், டிரிப்டோஃபேனும் மெத்தியோனினும் 100 கிராமுக்குள். அந்த அளவுக்கு இறங்கினால் வேலினையும் பார்த்தாக வேண்டும். லைசினை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டால் குட்டி வளராது. டிரிப்டோஃபேன் குறைந்தால் தீனியே எடுக்காது. "புரதத்தைக் குறைச்சேன், குட்டி நின்னுபோச்சு" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

இது நான் கண்டுபிடித்த வித்தை அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மர்டோக் பல்கலைக்கழகக் குழு, குட்டிகளுக்கு வேண்டுமென்றே ஈ. கோலையைக் கொடுத்து, 25 சதவீதத்துக்குச் சற்று மேல் புரதம் உள்ள தீவனத்தையும் 17.5 சதவீதத் தீவனத்தையும் ஒப்பிட்டு 2009-ல் எழுதியது. புரதம் குறைந்த பக்கம் கழிச்சலும் குறைவு, குடலில் அமோனியாவும் குறைவு. இரண்டு பக்கமும் ஆன்டிபயாட்டிக் கிடையாது. அதே குழு அதற்கு முன்பு வேகவைத்த வெள்ளை அரிசியைப் போட்டும் பார்த்திருக்கிறது. அரிசியோடு பார்லியைச் சேர்த்தபோது குடலில் ஈ. கோலை பெருகியது, அரிசி மட்டும் தின்றவற்றில் அப்படி இல்லை. பார்லியின் கொழகொழப்புத்தான் வேறுபாடு. நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு, ஆலையில் குருணையைக் கோழித் தீவனத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு, குட்டிக்கு மட்டும் விலை கொடுத்துச் சோயா வாங்குகிறோம்.

அந்தப் பண்ணையில் எப்படிப் போனது? முதலில் அவர் வீட்டு அம்மாதான் எதிர்த்தார். குருணை கூடினால் மாவு வெளுப்பாக இருக்கும். "சத்தே இல்லாத மாவு, யாரோ உன்னை ஏமாத்துறாங்க" என்று மகனிடம் சண்டை. கழிச்சல் அடியோடு நிற்கவில்லை. ஆனால் கொட்டில் கொட்டிலாகக் கழிந்த நிலை போய், ஒரு கொட்டிலில் இரண்டு மூன்று என்று ஆனது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரில் அவை தேறின. முதல் வாரத்தில் எடை ஏற்றம் முன்னைவிட ஒன்றும் கூடவில்லை. ஆறாவது வாரத்தில் நிறுத்துப் பார்த்தபோது வித்தியாசம் அந்த அம்மாவுக்கே தெரிந்தது, ஏனென்றால் செத்த குட்டிகளை அவர் எண்ணி வைத்திருந்தார். குறைத்த புரதத்தை நாங்கள் வெகுநாள் வைத்திருக்கவில்லை. குறைந்தது முதல் ஏழு நாள், முடிந்தால் பதினான்கு நாள். பிறகு 20-க்கு ஏற்றிவிட வேண்டும்.

இங்கே ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். இதே சூத்திரத்தை ஒரு தீவனக் கம்பெனியிடம் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். தொழில்நுட்ப அதிகாரி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். விற்பனை அதிகாரி பையைக் காட்டி, "18-னு அச்சடிச்சா யார் சார் வாங்குவாங்க? பக்கத்துக் கம்பெனி 24 போடுறான்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கப் பண்ணையாளருக்குக் கற்றுக் கொடுத்தது யார்? நம் துறையில் நாற்பது வருடமாக விநியோகித்த துண்டுப் பிரசுரங்கள்தான்.

டென்மார்க்கை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. 2022-ல் துத்தநாகம் போனபின் அங்கேயும் நியோமைசின் எழுதுவது கூடியது. புரதத்தைக் குறைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொன்னால் பொய்யாகிவிடும். பால் மறக்கும் வயதை 28 நாளுக்குக் கீழே இறக்காமல் இருப்பது, கொட்டிலைக் காலி செய்து கழுவிக் காயவைத்து அடுத்த கூட்டத்தை விடுவது, பிரிப்பதற்கு முன்பே தாயோடு இருக்கும்போது வாய்ப்பழக்கத் தீவனம் வைப்பது எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்யும்.

சேர்ப்பான்களே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. புரதத்தைச் சரி செய்தபின் சில சேர்ப்பான்களுக்கு நல்ல வேலை இருக்கிறது. கரிம அமிலங்களை நான் முதலில் வைப்பேன். குட்டியின் வயிற்றில் இல்லாத அமிலத்தை நாம் கொடுக்கிறோம். சிட்ரிக் அமிலம் எளிதாகக் கிடைக்கும், 1 முதல் 2 சதவீதம். ஃபார்மிக் அமிலம் வலுவானது, ஆனால் கலக்கும் ஆளின் கையையும் இரும்புக் கலப்பானையும் சேர்த்து அரிக்கும். அதன் உப்பு வடிவம் நல்லது. பொட்டாசியம் டைஃபார்மேட்டுக்கு ஐரோப்பா 2001-லேயே ஆன்டிபயாட்டிக் அல்லாத வளர்ச்சி ஊக்கியாக அனுமதி கொடுத்தது. ஆனால் ஒரு கையால் அமிலம் போட்டு மறு கையால் சுண்ணாம்புக்கல் கொட்டினால் என்ன பயன்? முதல் இரண்டு வாரத்துக்குக் கால்சியம் 0.6 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

அதற்கு உதவுவது ஃபைட்டேஸ் நொதி. 1991-ல் நெதர்லாந்தில் முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. தானியத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரசை விடுவிக்கும், கூடவே கட்டுண்ட துத்தநாகத்தையும். அந்த 100 மில்லிகிராம் துத்தநாகத்தையே குட்டி ஒழுங்காக எடுத்துக்கொள்ளும். குறைந்த விலையில் இவ்வளவு வேலை செய்யும் சேர்ப்பான் வேறு எனக்குத் தெரியாது.

உலர்த்திய இரத்தப் பிளாஸ்மா அற்புதமான பொருள். தின்னாத குட்டியையும் தின்ன வைக்கும். விலை நமக்குக் கட்டாது. பன்றி இரத்தத்தைப் பன்றிக்கே கொடுப்பதில் நோய்ப் பயமும் உண்டு. புரோபயாட்டிக் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: குருணைத் தீவனமாக அழுத்தும்போது 80 டிகிரி சூட்டில் இது உயிரோடு இருக்குமா? பேசில்லஸ் விதைவடிவங்கள் இருக்கும், பலது இருக்காது. மூலிகைச் சேர்ப்பான் விற்பவர்கள் வந்தால் கண்ணைக் கவரும் பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, அது போடாத ஒப்பீட்டுக் கூட்டம் எங்கே என்று கேளுங்கள். பூண்டும் மஞ்சளும் கெட்டவை அல்ல. கேள்வி அது அல்லவே.

ஓட்டல் மிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமில் நுழைந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் வரை வந்துவிட்டது. பன்றி இறைச்சித் துண்டு கலந்த மிச்சம் அந்த நோய்க்கு வாகனம். அதனால் பலர் கொள்முதல் தீவனத்துக்கு மாறுகிறார்கள், மாறத்தான் வேண்டும். மிச்சத்தில் வளர்த்தவர்களுக்குப் பையில் அச்சிட்ட எண்ணைத் தவிர வேறு வழிகாட்டி இல்லை. அங்கேதான் நம் கால்நடை மருந்தக நண்பர்கள் வேண்டும். கழிச்சல் என்று வந்தால் ஊசியை எடுக்குமுன் தொட்டியில் கை விட்டு மாவைப் பாருங்கள், பையைத் திருப்பிப் படியுங்கள், நிப்பிளை அழுத்தித் தண்ணீர் வருகிறதா பாருங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் வர வேண்டும். அடைத்த நிப்பிளால் தின்னாமல் கிடந்து, பிறகு கழிந்த குட்டிகளுக்கு நம்மில் எத்தனையோ பேர் மருந்து எழுதுவதை நான் பார்த்திருக்கிறேன். மருந்து தேவைப்படும்போது எழுதத்தான் வேண்டும். நோய் கண்ட குட்டிக்கு, சோதனை செய்து, ஊசியாகவோ தண்ணீரிலோ, நாள் கணக்கு வைத்து. தீவனத்தில் வருடம் முழுக்க அல்ல.

இறுதியாண்டு மாணவர்கள் திட்ட வேலைக்குப் பொருள் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். குருணையும் அமினோ அமிலமும் வைத்து 18, 20, 22 என்று மூன்று தீவனம், மூன்று கொட்டில், சாணத்துக்குத் தினமும் மதிப்பெண், வாரம் ஒரு எடை. நம் ஊர்க் குருணைக்கு, நம் ஊர்ச் சூட்டில், நம் கலப்பினக் குட்டியில் இந்த அட்டவணை வேண்டும். பெர்த்தின் அட்டவணையை வைத்தே நான் இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். 100 கிலோ கணக்கைத் தாளில் எழுதிப் படியெடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன்; வாசலில் பதிவேடு வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.